வெயில் நல்லது... கோணம் முக்கியம்!

விமான நிலையங்களில் பரவும் சோலார் பேனல்களும், விமானிகளின் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும்

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல், ஐரோப்பாவின் நெரிசல் மிகுந்த விமான நிலையங்களுள் ஒன்று. அங்குள்ள ஓடுபாதைகளிலேயே நீளமானது போல்டர்பான். 2025-ன் தொடக்கத்தில் இந்த ஓடுபாதையில் விமானங்கள் தரையிறங்க ஒரு விசித்திரமான கட்டுப்பாடு வந்தது. மூடுபனிக்காகவோ புயலுக்காகவோ வந்ததல்ல அது. வானம் துல்லியமாக இருந்து, நல்ல வெயில் அடித்த காலை வேளைகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. காரணம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அமைந்த ஒரு சூரிய மின் பூங்கா. அதன் பேனல்களில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது என்று விமானிகள் புகார் சொன்னார்கள். நட்டு முடித்த பேனல்களில் பல்லாயிரத்தைக் கழற்றுவதுதான் வழி என்ற முடிவுக்குக் கடைசியில் வர நேர்ந்தது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2015 ஆகஸ்ட் 18 அன்று, நம் பக்கத்து மாநிலத்தில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம், சரக்கு முனையத்துக்கு அருகே 45 ஏக்கரில் 46,150 பேனல்களைப் பரப்பி, 12 மெகாவாட் திறனுள்ள மின் நிலையத்தைத் திறந்தது. முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2018-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உயரிய விருதும் தேடி வந்தது. அன்று முதல் இன்றுவரை அந்த ஓடுபாதையில் விமானங்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும்தான் இருக்கின்றன. ஒரே தொழில்நுட்பம், ஒரே சூரியன். ஓர் இடத்தில் ஓடுபாதையையே முடக்குகிறது, இன்னோர் இடத்தில் விருது வாங்கித் தருகிறது. ஆகவே, ‘விமான நிலையத்தில் சோலார் பேனல் ஆபத்தா, இல்லையா?’ என்ற கேள்வியே பிழையானது. எந்தப் பேனல், எந்தப் பக்கம் சாய்ந்து, எந்த நேரத்தில், யார் கண்ணில் ஒளியை வீசும் என்பதுதான் சரியான கேள்வி. முதல் கம்பத்தை நடும் முன்பே இதற்குக் கணக்குப் போட்டு விடை கண்டுவிட முடியும். அந்தக் கணக்கைச் சட்டமாகக் கட்டாயப்படுத்தி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்தால், சூரிய மின்சாரமும் விமானப் பாதுகாப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள வேண்டியதே இல்லை.

விமான நிலையத்தை ஏன் தேடுகிறது சோலார்?

விமான நிலையமும் சூரிய மின்சாரமும் இயல்பாகவே பொருந்திப்போகும் ஜோடி. மரம் வளரக் கூடாது, கட்டடம் எழக் கூடாது என்று சட்டம் போட்டுத் திறந்த வெளியாக வைத்திருக்கும் நிலம் விமான நிலையத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. நிழல் விழாத நிலம்தான் பேனலுக்கும் வேண்டும். முனையங்களின் கூரைகள், ஹேங்கர்கள், சரக்குக் கிடங்குகள், கார் நிறுத்துமிடங்கள் எல்லாம் ஏக்கர் கணக்கில் வெறும் மொட்டையாகக் கிடக்கின்றன. முனையத்தில் ஏ.சி. உச்சத்தில் ஓடுவதும் பேனல் உச்சத்தில் மின்சாரம் தருவதும் ஏறத்தாழ ஒரே பொழுதில். கொச்சியின் 12 மெகாவாட் நிலையம் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் முதல் அறுபதாயிரம் யூனிட் வரை தரும் என்பது தொடக்கக்காலக் கணக்கு. விமான நிலையத்தின் அன்றைய தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேட்டரி எதுவும் வைக்காமல், பகலில் மிஞ்சுவதை மாநில மின்வாரியத்தின் கிரிட்டுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பேனல் வரிசைகளுக்கு இடையே காய்கறிப் பயிர் செய்கிறார்கள். பேனலின் தூசியைக் கழுவும் தண்ணீர் அப்படியே வழிந்து வெண்டைக்கும் பூசணிக்கும் பாய்கிறது. ஒரே நிலத்தில், ஒரே தண்ணீரில் இரண்டு விளைச்சல்.

இந்தப் பொருளாதாரம் மற்றவர்கள் கண்ணிலும் படாமல் இருக்குமா? டெல்லி விமான நிலையம் தன் வளாகத்தில் 7.84 மெகாவாட் அளவுக்குப் பேனல்களை நிறுவியதோடு, 2022 ஜூன் முதல் தன் தேவை முழுவதையும் நீர்மின்சாரத்தாலும் சூரிய மின்சாரத்தாலும் நிறைவேற்றிக்கொள்வதாக அறிவித்தது. ஹைதராபாத், கோலாலம்பூர், அமெரிக்காவின் டென்வர், இண்டியானாபோலிஸ் எனப் பட்டியல் நீள்கிறது. கொச்சி நிறுவனமும் கண்ணூர் மாவட்டத்துப் பையனூரில் 2022-ல் தொடங்கிய நிலையத்தையும் சேர்த்து 50 மெகாவாட்டை எட்டியது. இந்த அலை ஓயப்போவதில்லை, ஓயவும் கூடாது. ஆனால், பேனல் பெருகப் பெருக, அவை ஓடுபாதைக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நெருங்கி வரும். அதனால்தான் இப்போதே பேசியாக வேண்டியிருக்கிறது.

கறுப்பாக இருப்பது கூசுமா?

‘பேனல் வெளிச்சத்தை உறிஞ்சி மின்சாரமாக்கவே செய்யப்பட்டது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் அதற்கு நஷ்டம். பிறகு எப்படிக் கண் கூசும்?’ சூரிய மின் நிறுவனங்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இது. இதில் பாதி உண்மை. வெறும் சிலிக்கான் தன்மீது படும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் பளபளப்பான பொருள். அதனால்தான் அதன் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கி, பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சும் பூசுகிறார்கள். பேனலுக்கு அந்தக் கருநீல நிறத்தைத் தருவது இந்தப் பூச்சுதான். மேலே மூடும் கண்ணாடிக்கும் தனிப் பூச்சு உண்டு. இத்தனையும் சேர்ந்து, ஒளி நேராக விழும்போது சில சதவீதம் மட்டுமே திரும்புகிறது.

மீதிப் பாதி உண்மை ‘நேராக விழும்போது’ என்ற நிபந்தனைக்குள் இருக்கிறது. எந்தக் கண்ணாடியும், ஒளி சாய்வாக விழ விழ, அதிகமாகப் பிரதிபலிக்கும். இது பள்ளி இயற்பியல். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்புகிறது என்றால், செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து விழும்போது 9 சதவீதம், 75 டிகிரியில் 25 சதவீதம், 80 டிகிரியில் 39 சதவீதம் என்று அது தாவித் தாவி ஏறுகிறது. பூச்சு இதைக் குறைக்கும். ஆனால், தரையை ஒட்டித் தவழும் காலை, மாலைக் கதிர்களிடம் பூச்சின் ஜம்பம் அதிகம் பலிக்காது. தவிர, திரும்புவது சிறு சதவீதமாகவே இருக்கட்டும். எதனுடைய சதவீதம் என்பதையும் பார்க்க வேண்டாமா? நூற்றில் இரண்டு பங்காகச் சுருங்கினாலும், கண்ணாடியில் தெரியும் சூரிய பிம்பம் சுற்றியுள்ள வானத்தைவிடப் பல நூறு மடங்கு பிரகாசமானது. ‘பேனல் கறுப்பு, ஆகவே கூசாது’ என்று நிறுவனத்தின் விளம்பர ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். பாதுகாப்பு அறிக்கையில் எழுத முடியாது.

நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மிகை இருக்கிறது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 2014-ல் திறக்கப்பட்ட இவான்பா நிலையத்தைக் காட்டி, எல்லாச் சூரிய மின் நிலையங்களும் விமானிகளைக் குருடாக்கும் என்று பயமுறுத்துவது. இவான்பாவில் இருந்தவை பேனல்கள் அல்ல. மூன்று உயர்ந்த கோபுரங்களின் உச்சியை நோக்கி ஒளியைக் குவிப்பதற்கென்றே வைக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் அதிகமான கண்ணாடிகள். அந்த வழியே பறந்த விமானிகள் புகார் சொன்னபோது சாண்டியா தேசிய ஆய்வகம் ஆராய்ந்தது. கோபுரத்தை நோக்காமல் காத்திருப்பு நிலையில் திருப்பி வைக்கப்பட்டிருந்த கண்ணாடிகளே காரணம் என்பது தெரிந்தது. பிரதிபலிப்பதே தொழிலாகக் கொண்ட கண்ணாடியையும், பிரதிபலிக்காமல் இருக்கப் பாடுபடும் பேனலையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமல்ல. விழித்திரையைச் சுட்டு நிரந்தரமாகப் பழுதாக்கும் அளவு ஒளி, குவிக்கும் கண்ணாடிகளிலிருந்து வர வாய்ப்புண்டு. தட்டையான பேனலிலிருந்து வருவது, பார்வையில் சில நொடிகள் ஒரு பொட்டுபோல் தங்கிவிடும் மிச்ச பிம்பம். வீதியில் நடப்பவருக்கு அது பொருட்டே அல்ல. தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

கோபுரத்தில் நிற்பவர் எங்கே திரும்புவார்?

விமானியின் கண் கூசுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால், தொடக்கத்திலேயே ஆவணங்களில் பதிவான ஒரு பெரிய சிக்கல் விமானிக்கு வந்ததல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர்-பாஸ்டன் விமான நிலையத்தில், 2012-ல் பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் பேனல்கள் நிறுவப்பட்டன. மத்திய அரசின் நிதியுதவியோடு, முறையான அனுமதிகளோடு நடந்த வேலை. பேனல்கள் வந்த கொஞ்ச நாளிலேயே கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் காலை வேளையில் முக்கால் மணி நேரம் வரை கண் கூசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மின்சாரம் எடுக்க வைத்த பேனல்களின் ஒரு பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடும்படி ஆயிற்று. பிறகு திரும்பக் கணக்குப் போட்டு, பேனல்களைக் கழற்றி, 90 டிகிரி திருப்பிப் பொருத்தினார்கள். நிறுவும் முன் மேசையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, நிறுவிய பின் மாடியில் நடந்தது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சி அறையை நெருங்கிப் பார்த்தால், இது ஏன் விமானியின் சிக்கலைவிடக் கனமானது என்பது விளங்கும். அந்த அறையின் கண்ணாடிச் சுவர்கள் நேராக நிற்பதில்லை. மேல்புறம் வெளியே சரிந்திருக்கும். உள்ளே உள்ள திரைகள், விளக்குகளின் பிரதிபலிப்பு பணியாளரின் கண்ணில் விழாமல் கூரைப் பக்கம் போகட்டும் என்பதற்காகவே அந்தச் சரிவு. உள்ளேயிருந்து வரும் சிறு பிரதிபலிப்பைக்கூடப் பொறுக்காத வேலை அது. ரேடார் திரை எதைச் சொன்னாலும், ஓடுபாதையில் ஒரு வண்டி நிற்கிறதா, பறவைக் கூட்டம் இறங்கியிருக்கிறதா, முந்தைய விமானம் விலகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த விமானத்துக்கு அனுமதி தருகிறார்கள். விமானி நகர்ந்துகொண்டே இருப்பதால் கூச்சம் சில நொடிகளில் விலகிவிடும். கோபுரமோ நகராது. சூரியன் நகரும்வரை, அதாவது அரை மணி, முக்கால் மணி நேரம், அதே ஒளி அதே கண்ணில். திரையை இழுத்து விடலாமே என்றால், கூச்சத்தை மங்கவைக்கும் திரை, ஓடுபாதையில் கிடக்கும் பொருளையும் சேர்த்தே மங்கவைக்கும்.

விதி எப்படி மாறியது?

மான்செஸ்டர் அனுபவத்துக்குப் பிறகு அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், சுருக்கமாக எஃப்.ஏ.ஏ., 2013 அக்டோபரில் ஓர் இடைக்காலக் கொள்கையை வெளியிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கூச்சம் அறவே இருக்கக் கூடாது. தரையிறங்கும் பாதையின் கடைசி இரண்டு மைலில் மிச்ச பிம்பம் தோன்றும் வாய்ப்பு குறைவாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சாண்டியா ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஹோ குழுவினர் உருவாக்கிய மென்பொருளில் கணக்கிட்டுக் காட்டுவதும் கட்டாயமானது. பேனலின் இடம், உயரம், சாய்வு, திசை ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண்டு முழுவதும் எந்தெந்த நாளில், எந்தெந்த நிமிடத்தில், எந்த இடத்திலிருந்து பார்ப்பவருக்குக் கூசும் என்று அது சொல்லிவிடும். வாய்ப்பு குறைவென்றால் பச்சை, மிச்ச பிம்பம் வரக்கூடுமென்றால் மஞ்சள், கண்ணுக்கே நிரந்தரத் தீங்கென்றால் சிவப்பு. கருவி கைக்கு வந்ததும் விவாதத்தின் தன்மையே மாறிப்போனது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்குப் பயமில்லை’ என்ற பேச்சு போய், ‘மார்ச் மாதத்தில் காலை 7 மணிக்கு மஞ்சள்’ என்று சொல்ல முடிந்தது.

எவ்வளவு கூச்சம் வரை பொறுக்கலாம் என்பதற்கும் சான்று தேடினார்கள். 2015-ல் வெளியான எஃப்.ஏ.ஏ. ஆய்வு ஒன்றில், சிமுலேட்டரில் விமானிகளைத் தரையிறங்கச் சொல்லி, வெவ்வேறு திசைகளிலிருந்து கூசும் ஒளியைக் காட்டினார்கள். பக்கவாட்டிலிருந்து வந்த ஒளி பெரிதாகத் தொல்லை தரவில்லை. நேர் எதிரிலிருந்தோ, பார்வைக் கோட்டிலிருந்து 25 டிகிரிக்குள்ளோ வந்த ஒளிதான் வேலையைக் கெடுத்தது. கூச்சம் எவ்வளவு என்பதோடு எந்தத் திசையிலிருந்து என்பதும் சேர்ந்தே ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறகு 2021 மே மாதத்தில் எஃப்.ஏ.ஏ. தன் இறுதிக் கொள்கையில் ஒரு படி இறங்கி வந்தது. பேனல்களிலிருந்து விமானிக்கு வரும் கூச்சம், ஏரி, குளம், கண்ணாடிக் கட்டடம், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்து அவர் அன்றாடம் சந்திக்கும் கூச்சத்தைப் போன்றதுதான் என்று பெரும்பாலான நிலைகளுக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மீது மட்டும் கவனத்தைக் குவித்தது. குறிப்பிட்ட மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் போனது. கோபுரத்துக்கு முதலிடம் கொடுத்தது சரி. ஆனால், ஏரியையும் பேனலையும் ஒன்றாகப் பார்த்த இடத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு விடுபட்டுப்போகிறது.

ஏரி வேறு, பேனல் வேறு

வாசலில் எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்து லேசாகச் சாய்த்தால், சுவரில் விழும் ஒளிவட்டம் சாய்த்த அளவைப்போல இரண்டு மடங்கு நகர்ந்துவிடும். பேனலுக்கும் இதே விதிதான். ஏரித் தண்ணீர் எப்போதும் கிடைமட்டம். சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே கோணத்தில்தான் தண்ணீர் ஒளியைத் திருப்பும். வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் இறங்கிவரும் விமானி, தனக்கு நேர் எதிரே, கீழே, ஏரித் தண்ணீரில் சூரியனைப் பார்க்கிறார் என்றால், அசல் சூரியனும் அதே திசையில் அடிவானத்துக்கு மூன்று டிகிரி மேலே நிற்கிறது என்று பொருள். அவர் ஏற்கெனவே கண்ணைச் சுருக்கி, கறுப்புக் கண்ணாடி அணிந்து, வெயில் மறைப்பானை இறக்கியிருப்பார். ஏரியின் கூச்சம் எச்சரிக்கையோடு வருகிறது. சாய்ந்த பேனலின் கூச்சம் அப்படியல்ல. மேற்கு நோக்கி 10 டிகிரி சாய்த்த பேனல் மீது, கிழக்கே 23 டிகிரி உயரத்தில் நிற்கும் காலைச் சூரியன் ஒளி வீசினால், அது மேற்கே 3 டிகிரி உயரத்தில் திரும்பிப் போகும். மேற்கிலிருந்து இறங்கிவரும் விமானிக்கு, சூரியன் உயரே ஏறிவிட்டது, இனிக் கூசாது என்று நினைக்கும் நேரத்தில், தரையிலிருந்து வெளிச்சம் அடிக்கும். ஸ்கிப்ஹோலில் விமானிகள் புகார் சொன்னதும் அதிகாலையில் அல்ல, சூரியன் மேலேறிய பின்தான். ‘ஏரியைப் பழகியவருக்குப் பேனல் புதிதல்ல’ என்ற வாதம் கிடைமட்டமாக வைத்த பேனலுக்குப் பொருந்தலாம். சாய்த்த பேனலுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த முடியாது.

இதே கணக்கு நமக்கு ஒரு நல்ல சேதியையும் சொல்கிறது. கொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது, சென்னை 13 டிகிரியில். பேனலின் சாய்வு ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு இருந்தால் போதும் என்பதால், இங்கெல்லாம் பேனல்கள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கலாம். கொச்சியின் ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்கு நோக்கிப் பத்து டிகிரி மட்டும் சாய்ந்த பேனல், உதிக்கும் சூரியனின் ஒளியை ஏறக்குறைய ஏரியைப்போலவே திருப்பும். ஆகவே, அத்தகைய அமைப்பில் விமானிக்கு நேர் எதிரே பேனல் கூசும் பொழுதும், சூரியனே நேர் எதிரே நிற்கும் பொழுதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. நண்பகலில் சூரியன் உச்சிக்கு அருகில் இருப்பதால் ஒளி வானை நோக்கிப் போய்விடும், தரையிறங்குபவரைத் தொடாது. குளிர்காலத்தின் நடுவில் நண்பகலிலும் சூரியன் பதினைந்து டிகிரியைத் தாண்டாத நெதர்லாந்துக்கு இந்த வசதி இல்லை. இன்னொன்று, இவ்வளவு குறைவாகச் சாய்ந்த பேனலைத் தெற்கிலிருந்து கிழக்குக்கோ மேற்குக்கோ திருப்பினாலும் ஆண்டு மின் உற்பத்தியில் சில சதவீதம்தான் குறையும். வடக்கு நாடுகளுக்கு மிகுந்த செலவு வைக்கும் தீர்வு நமக்குக் கிட்டத்தட்ட இலவசம். ஆனால், எந்தப் பக்கம் திருப்பினால் தீரும், எந்தப் பக்கம் திருப்பினால் புதிதாக முளைக்கும் என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயில் நமக்குச் சாதகம் என்பது, கணக்குப் போடாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

எதிர்வாதங்கள்

‘இப்போதெல்லாம் விமானங்கள் தாமாகவே இறங்குகின்றன, கண் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தானாக இறங்கும் வசதி முதன்மையாகப் பனிமூட்டத்துக்காக உருவானது. கூச்சம் வருவதோ தெளிந்த வானில், விமானி கண்ணை நம்பி இறங்கும் நாட்களில். தவிர, பயிற்சிப் பள்ளிகளின் சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ‘கூசாத கண்ணாடி போட்டால் தீர்ந்தது’ என்பது அடுத்த வாதம். ஆழமாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி ஒளியின் உச்சப் பிரகாசத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால், அது ஒளியை அகலமாகச் சிதறவிடுவதால், மங்கலான கூச்சம் அதிக நேரம் நீடிக்கவும் கூடும். அதுவும் கணக்கில் ஓர் உள்ளீடுதான். கணக்குக்கு மாற்று அல்ல. சூரியனைத் தொடர்ந்து திரும்பும் பேனல் இருந்தால் ஒளி எப்போதும் நேராகத்தானே விழும் என்றால், ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழாமலிருக்கக் காலையிலும் மாலையிலும் அவை படுக்கை நிலைக்குத் திரும்புவதுண்டு. கூச்சம் மிகுதியாகும் அதே நேரம்!

கனமான எதிர்வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. ‘காலநிலை நெருக்கடியில் ஒவ்வொரு மெகாவாட்டும் அவசரம். ஏற்கெனவே ஆயிரத்தெட்டு அனுமதிகள். இதில் இன்னொரு தடைக்கல்லை வைத்தால், பயத்தைக் காட்டியே திட்டங்களைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.’ இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நல்ல திட்டங்களை முடக்குவது எந்த நாட்டு அதிகாரிக்கும் கைவந்த கலை. ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்தே கணக்குதான். எண் இல்லாத இடத்தில்தான் அதிகாரியின் தயக்கம் ஆட்சி செய்யும். ‘இந்தக் கோபுரத்தில் ஆண்டு முழுவதும் ஒரு நிமிடம்கூடக் கூச்சமில்லை’ என்று அறிக்கை சொல்லிவிட்டால், மறுக்க அவருக்குக் காரணம் மிஞ்சாது. செலவையும் பார்க்கலாம். கொச்சியின் 12 மெகாவாட் நிலையத்துக்கு ஆனது சுமார் 62 கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால், கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுக்கான செலவு தூசு. பேனலைக் கழற்றித் திருப்பும் செலவோ, ஓர் ஓடுபாதையைக் காலை வேளையில் இழக்கும் நஷ்டமோ அப்படியல்ல. சூரிய மின்சாரத்தின் நற்பெயரைக் கெடுப்பவை ஆய்வுகள் அல்ல; ஆய்வைத் தவிர்த்துவிட்டு நிறுவி, பின்னால் தார்ப்பாய் போடும் நிலையங்கள்தான்.

வேலிக்கு வெளியே யார் பொறுப்பு?

இந்தியாவில் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குவது பொறுப்புப் பிரிவினை. கொச்சி போன்ற இடங்களில் நிலையத்தை நடத்துவது ஒரு நிறுவனம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் கையில். பாதுகாப்பு மேற்பார்வை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம். பேனலால் மின்கட்டணம் மிச்சமாவது ஒருவருக்கு, கண் கூசுவது இன்னொருவருக்கு. லாபமும் பாதிப்பும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது, பாதிக்கப்படுபவரின் கையெழுத்து இல்லாமல் வரைபடம் இறுதியாகக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒப்புதல் டெண்டருக்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும், திறப்பு விழாவுக்குப் பிறகு அல்ல.

ஸ்கிப்ஹோல் சொல்லும் இன்னொரு பாடம், தொல்லை தந்த பூங்கா ஓடுபாதையோரத்துப் பேனல் வரிசை அல்ல, அருகிலிருந்த ஒரு தனி மின் பூங்கா என்பது. நம் நாட்டில் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடம் எழுப்ப 2015-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அவற்றின் பெயரே உயரக் கட்டுப்பாட்டு விதிகள் என்பதுதான். இடுப்பளவு உயரத்தில் ஏக்கர் கணக்கில் படுத்துக் கிடக்கும் பேனல்கள் எந்த உயர வரம்பையும் மீறாது. ஒளிக்கோ உயரம் ஒரு பொருட்டில்லை. எனவே, விமான நிலையத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வரும் பெரிய மின் நிலையங்களுக்கும் இதே கணக்கைப் பொருத்த வேண்டும். அதேசமயம், இதைச் சாக்காக வைத்து வீட்டு மாடிகளைத் தொடவே கூடாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. மீனம்பாக்கத்தைச் சுற்றிப் பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் மாடிதோறும் பேனல் வரத்தான் போகிறது. நாலைந்து பேனல்கள், வீட்டுக்கு ஒரு கோணம். ஒன்றிலிருந்து வரும் மினுக்கல் கண நேரத்தில் மறைந்துவிடும். ஒரே சாய்வில், ஒரே திசையில், ஏக்கர் கணக்கில் தொடரும் பேனல் பரப்புதான் விமானத்தோடு கூடவே ஓடிவந்து கூசும். சட்டம் அளவைப் பார்த்து எல்லை வகுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கணக்கு, சின்னவர்களுக்கு விலக்கு.

பரந்தூரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்தத் திட்டம் வேண்டுமா, நிலம் இழப்போருக்கு நியாயம் என்ன என்பவை தனியாகவும் தீவிரமாகவும் பேச வேண்டிய கேள்விகள். அங்கே மட்டுமல்ல, இனி எங்கே புது விமான நிலையம் வந்தாலும், ஓடுபாதையின் திசை, கோபுரத்தின் இடம், பேனல் பரப்பு மூன்றையும் ஒரே காகிதத்தில் வரையும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும். பழைய நிலையங்களில் கோபுரமும் ஓடுபாதையும் முன்பே நின்றுவிட்டன. பேனல்தான் வளைந்துகொடுக்க வேண்டும். புதியவற்றில் மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்கலாம்.

கேட்க வேண்டியது மூன்றுதான். ஒன்று, ஒரு மெகாவாட்டுக்கு மேல் வரும் எந்த நிலையத்துக்கும், வேலிக்கு உள்ளே என்றாலும் அருகில் வெளியே என்றாலும், நிமிட வாரியான கூச்சக் கணக்கு. இரண்டு, கோபுரத்தில் பூஜ்யம், தரையிறங்கு பாதையில் நேர் எதிரே 25 டிகிரிக்குள் மஞ்சள் கூடாது என்ற வெளிப்படையான வரம்பு. மூன்று, அந்த அறிக்கையை இணையத்தில் வெளியிட்டு, நிறுவிய பின் ஓராண்டுக்கு விமானிகளும் கோபுரப் பணியாளர்களும் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. முதலில் சூரிய விமான நிலையத்தைக் கட்டிக் காட்டிய நாடு இது. பேனல் எண்ணிக்கையையும் மெகாவாட்டையும் பெருமையோடு அறிவிக்கும் ஒவ்வொரு பலகையிலும், அடுத்த வரியாகக் கூச்ச நிமிடங்களையும் எழுதச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. அந்த எண் பூஜ்யமாக இருந்தால் பெருமை கூடும். இல்லாவிட்டால், கழற்ற வேண்டிய பேனல் எது என்பது விமானி புகார் சொல்லும் முன்பே தெரிந்துவிடும்.